பட்டியலில் நான் சேர்க்காத பெயர்

பாசமுள்ள எஸ்தர் அக்காவுக்கு,

சாமுவேல் எழுதுகிறேன். நம் தோட்டத்து உபதேசியார் சாமுவேல்தான். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. நல்ல சேதி ஒன்று கைக்கு வரட்டும், அதோடு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று வந்துவிட்டது. எனக்கு வாய் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன் அக்கா. மற்றவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து சொன்னால்தானே புரியும்?

என் பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது சண்டை போடுகிறது. போன மாதம் பத்து காஜா ஊர் பஸ் ஏறி நம் தோட்டத்துக்குப் போனேன். பாதி ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை வைத்துவிட்டார்கள். நம் சின்னக் கோயில் தகரக் கூரையோடு அப்படியே நிற்கிறது. நீங்கள் உட்காரும் மூன்றாவது பெஞ்சில் யாரோ சாயத் தகரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்து எல்லாவற்றையும் இறக்கி வெளியே வைத்துவிட்டு, அந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளில் எங்கள் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் இருபதுக்குள்தான். போதகர் ஈப்போவில் இருப்பார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். வாரத்தில் ஆறு நாள் நான் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பேன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்வேன். போதகர் வரும்போது யார் யாருக்கு ஞானஸ்நானம் என்று பட்டியல் எழுதி வைப்பதும் நான்தான். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் போதகர் பிள்ளையைக் கையில் வாங்குவார். இருபத்தாறு வயதுப் பையனுக்கு அந்த அதிகாரம் போதாதா, தலை கனக்க?

கிருபை இலவசம், கிருபை இலவசம் என்று தொண்டை கட்டும்வரை பிரசங்கித்தவன் நான். வாசலில் மட்டும் ஒரு தடியைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றேன்.

அக்கா, அந்த ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லில்லி மூன்று மாதக் கைக்குழந்தை. அவளைப் பழைய சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். சேலை விலகியபோது குழந்தையின் மணிக்கட்டைப் பார்த்தேன். கறுப்புக் கயிறு. கடைசி லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் முனியாண்டி கோயில் கயிறு அது என்று தோட்டத்தில் யாருக்குத் தெரியாது?

"இது என்னக்கா?" என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை.

"புள்ளைக்கு ஜன்னி கண்டுச்சுங்கய்யா. பக்கத்து வீட்டு அஞ்சலைதான் கொண்டாந்து கட்டுனா. மூணு நாளா புள்ளைய மடிய வுட்டு எறக்கல அவ. நானே மேலுக்கு முடியாம கெடந்தேன்."

"அவுத்துட்டு வாங்க."

"அவ கண்ணு முன்னால எப்படிங்கய்யா அவுக்கிறது? மனசு வுட்டுப் போவாளே. தானா அந்து வுழுந்துடும், கொஞ்ச நாள் போவட்டும்."

"அப்ப பேரும் கொஞ்ச நாள் போவட்டும்."

என் வாயிலிருந்து வந்த வார்த்தை அக்கா இது. இன்று எழுதும்போதும் கூசுகிறது. நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனீர்கள். அது போதகருக்கு நான் அனுப்பும் அறிக்கை நோட்டு. என் கையெழுத்து அழகு என்று ஊரே சொல்லும். அந்த அழகான கையெழுத்தில் தேதி போட்டு எழுதினேன்: "இன்று ஆறாவது லயம் எஸ்தர் அம்மாள் தன் மூன்று மாதப் பெண் குழந்தை லில்லியை ஞானஸ்நானத்துக்காகக் கொண்டுவந்தார். குழந்தையின் கையில் அந்நியக் கயிறு இருந்தபடியால் மறுத்து அனுப்பினேன்." அதன் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு. என் வைராக்கியத்தைப் போதகர் கவனிக்காமல் போய்விடக்கூடாதே! அவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவில்லை. நானும் பட்டியலில் சேர்க்கவில்லை. கயிறு எப்போதோ அறுந்து விழுந்திருக்கும். என் வீம்புதான் அறுந்து விழவில்லை. கேட்டு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீங்கள் ஞாயிறு தவறாமல் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகப் பாடினீர்கள்.

பிள்ளை பிறந்ததைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தார். அத்தான் அதைச் சட்டைப்பையில் வைத்து, சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டார். மறுபடி வாங்கலாம், நாளைக்கு வாங்கலாம் என்று நாள் போயிற்று. லில்லிக்கு நாலு வயதில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். டிரெஸர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். தோட்டம் கைமாறியபோது ஆஸ்பத்திரிப் புத்தகங்களும் எங்கேயோ போய்விட்டன. லில்லி இந்த மண்ணில் பிறந்தாள் என்பதற்கு அவளைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

பன்னிரண்டு வயது வந்தது. ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முடித்து பத்து காஜாவில் இடைநிலைப் பள்ளிக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் சூராட் பெரானாக் கேட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து கடிதம் வாங்கி வந்தாலும் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நல்ல மனதோடு சொல்லி அனுப்பினார். நம் தோட்டத்தில் மூன்று பிள்ளைகளுக்கு நானே அப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலை முடிந்திருந்தது. நீங்கள் என்னிடம் வந்து கேட்கவில்லை அக்கா. லில்லி வகுப்பில் கெட்டிக்காரி, அவளுக்குப் பேப்பர் இல்லாமல் நிற்கிறது என்று ஸ்டோரில் யாரோ பேசிக்கொண்டார்கள். பால் வாளியைத் தராசில் வைத்தவன் அளவைப் பார்க்க மறந்து நின்றேன்.

மத்தியானம் கோயிலைத் திறந்து பதிவேட்டை எடுத்தேன். அந்த வருடத்துப் பக்கத்தில் லில்லியின் பெயர் எப்படி இருக்கும்? ஆனால் இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது. என் கையெழுத்துதான், அதே கறுப்பு மைதான். ஒரு நிமிட வேலை. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் பால்வெட்டு முடிந்து வந்து, வாசலில் உட்கார்ந்து விரலில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, ஒரு வரி காலியா இருக்கு. லில்லி பேர எழுதிடவா? அந்த வருசமே ஞானஸ்நானம் குடுத்த மாதிரி இருக்கும்."

"பொய்யாவா எழுதப் போற, தம்பி?"

அதுவரை என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவீர்கள். அன்றுதான் முதல்முதலாகத் தம்பி என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையில் என் வெள்ளைச் சட்டை எல்லாம் கழன்று போயிற்று.

"என்னாலதானேக்கா புள்ள இப்படி நிக்குது? நான் அன்னைக்கு..."

"தெரியும்லா. பன்னெண்டு வருசமா தெரியும். அத நான் அன்னைக்கே வுட்டுட்டேன்."

"நான் இன்னும் மன்னிப்பே கேக்கலியேக்கா."

"நீ கேக்கட்டும்னு இருந்தா, வாரா வாரம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படிப் பாட்டுப் பாடியிருப்பேன்? சாமி என்னைக் கேட்டுட்டா மன்னிச்சாரு? உள்ள வந்து ஒக்காரு, கோப்பி போடுறேன்."

நான் அழுதேன் அக்கா. சும்மா கண் கலங்கியதல்ல, மூக்கு ஒழுகும் அழுகை. அஞ்சலை அடுத்த வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருடம் நான் பேசிய கிருபை எதுவோ அதை, விரலில் ஒட்டிய ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்த நீங்கள் எனக்குக் கோப்பியோடு கொடுத்தீர்கள். திருந்தி வந்தவனுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல அது. நான் வாசலில் தடி போட்டுக்கொண்டு நின்ற அந்த நாளிலேயே எனக்கும் சேர்த்து நடந்து முடிந்த காரியம். எனக்குத்தான் பன்னிரண்டு வருடமாகத் தெரியவில்லை.

கோப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

"அன்னைக்கு ஒரு நோட்டுல என்னமோ எழுதினியே தம்பி? நான் நின்னு பாத்தேன். வேணாம்னு சொன்னாலும் புள்ள பேர எழுதிட்டே, கயிறு அந்து வுழுந்ததும் கூப்புடுவேன்னு நெனச்சு ஆறுதலாப் போனேன். அது என்ன நோட்டு?"

எழுதப் படிக்கத் தெரியாத நீங்கள் தலையாட்டிவிட்டுப் போனதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வேதனை ஒருபக்கம். இன்னொரு பக்கம் மூளையில் ஒரு வெளிச்சம். அந்த நோட்டில் தேதி இருக்கிறது. லயம் நம்பர் இருக்கிறது. தாயின் பெயர், பிள்ளையின் பெயர், வயது மூன்று மாதம். போதகரின் சுருக்கொப்பம் இருக்கிறது. லில்லி அந்த வருடம் இந்தத் தோட்டத்தில் கைக்குழந்தையாக இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து, அவளை வேண்டாம் என்று நான் எழுதிய எழுத்து.

ஆனால் அதைக் காட்ட வேண்டுமானால் முழுவதையும் காட்ட வேண்டும். சிவப்புக் கோட்டோடு.

பத்து காஜாவில் பதிவு அலுவலகத்துக்கு நீங்கள், நான், லில்லி மூவரும் போனோம். அதிகாரி வயதான மலாய்க்காரர். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா நோட்டை வாசித்து மலாயில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கைக்குழந்தையை ஏன் திருப்பி அனுப்பினே?"

"கையில கயிறு இருந்துச்சு, துவான்."

"கயிறுக்காகவா?"

"ஆமா, துவான். நான் செஞ்சது தப்பு. ஆனா அன்னைக்கு இந்தப் புள்ளய இந்தக் கண்ணால பாத்தேன். சத்தியம் பண்ணச் சொன்னா பண்றேன்."

பண்ணினேன். ஓய்வில் இருந்த பழைய போதகரும் தள்ளாத வயதில் வந்து தன் சுருக்கொப்பத்தைப் பார்த்துச் சாட்சி சொன்னார். அஞ்சலையும் வந்து, கயிறு கட்டியது நான்தான் என்று கை நீட்டிச் சொன்னாள். மூன்று தடவை அலைந்தோம். லில்லிக்கு ஒரு வருடம் பள்ளி வீணாயிற்று. அதற்கு அடுத்த வருடம் பத்திரமும் வந்தது, குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல ஐசியும் வந்தது.

முதல் தடவை போய்விட்டுத் திரும்பிய பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் இந்தக் கடிதம் அரைகுறை. லில்லி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று திரும்பி, "அம்மா மன்னிச்சிட்டாங்க உபதேசியாரே. நான் மன்னிக்கல," என்றாள். நீங்கள் அவளை அதட்டவில்லை. "அவளுக்கு எப்ப வருதோ அப்ப வரட்டும். நீ அவள நெருக்காத தம்பி," என்று என்னிடம்தான் சொன்னீர்கள். அந்த வருடமே போதகர் வந்தபோது அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. தலையில் தண்ணீர் விழும்போதும் என்னை முறைத்துக்கொண்டுதான் நின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதன் பிறகு பத்து வருடம் அவள் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வணக்கம் உபதேசியாரே, வாரேன் உபதேசியாரே. அதோடு சரி. ஐந்தாம் படிவம் முடித்தாள், கமுந்திங்கில் ஆலை வேலைக்குப் போனாள், அங்கேயே சிவாவைக் கட்டிக்கொண்டாள். அவன் சைவக் குடும்பத்துப் பையன், தங்கமானவன். உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலில் என்னைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பாள், பேச மாட்டாள். நீங்கள் சொன்னபடி நான் நெருக்கவில்லை. மன்னிக்கப்பட்டவனுக்கு இன்னொருவர் மன்னிப்புக்கு அவசரப்பட உரிமை இல்லை என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

இப்போது சேதி. நேற்று காலை மகன் வீட்டு வாசலில் லில்லி நிற்கிறாள். கமுந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். தோளில் ஒரு பெண் குழந்தை. உங்கள் பேத்தி, அக்கா! மூக்கு அப்படியே உங்களுடையது. மூன்று மாதம்.

இங்கே சபையிலும் ஞானஸ்நானப் பட்டியல் எழுதும் வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள், கையெழுத்துக்காக. அது அவளுக்குத் தெரியும். உள்ளே வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் சட்டைக் கையை மெதுவாக மேலே தள்ளினாள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

"எங்க மாமியார் கட்டுனது. அவுத்துட்டுத்தான் வரணுமா மாமா?"

மாமா! கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பதில் வருகிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

"வேணாம்லா. கயிறோடயே கொண்டா. கட்டுன கைக்கும் புள்ள மேல ஆசைதானே? தண்ணி பட்டா கயிறும் சேந்து நனையட்டும்."

"போதகரய்யா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொன்னா எங்கிட்டச் சொல்லட்டும்."

அவள் குழந்தையின் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். பிறகு சொன்னாள். "ஆஸ்பத்திரில அம்மா சொன்னாங்க. ஒனக்குப் புள்ள பொறந்தா சாமுவேல் தம்பி கையில குடு, அவன்தான் தூக்கிட்டு நிக்கணும்னு. எனக்கு அப்பக் கோவம். இத்தன பேரு இருக்க இவருதானான்னு. மன்னிச்சிட்டேனான்னு எனக்கே இன்னும் சரியாத் தெரியல மாமா. ஆனா புள்ளைய உங்க கையில குடுக்கப் பயம் இல்ல."

சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

அக்கா, சாகக் கிடந்த நேரத்தில் என்னை நினைத்தீர்களா? நான் திருப்பி அனுப்பிய கையில் உங்கள் பேத்தியைக் கொடுக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நான் மாறிவிட்டேன் என்று நம்பிச் சொன்னீர்களா, மாறாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னீர்களா? இதை மேலே வந்து கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் நீங்கள் கோப்பியைத்தான் முதலில் நீட்டுவீர்கள்.

குழந்தை அந்தக் கயிறு கட்டிய கையாலேயே என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. பேர் என்ன வைத்திருக்கிறாய் என்று லில்லியைக் கேட்டேன். சொன்னாள். அவள் முன்னாலேயே பட்டியலை எடுத்து, கறுப்பு மையில், என்னால் முடிந்த அழகில் எழுதினேன். அடியில் கோடு போடவில்லை. எஸ்தர் என்று எழுதினேன், அக்கா.

வருகிற ஞாயிறு அவளை நான்தான் தூக்கிக்கொண்டு நிற்பேன். என் முழங்கால் எவ்வளவு சண்டை போட்டாலும் நிற்பேன். கயிற்றைப் பார்த்து யாராவது வாய் திறந்தால், திருப்பி அனுப்பப்பட வேண்டியவனே இங்கே நிற்கிறான் என்று சபை நடுவில் சொல்வேன். எனக்கு உயிர் உள்ளவரை, நான் எழுதும் எந்தப் பட்டியலிலும் ஒரு பிள்ளையின் பெயர் விடுபடாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டதால் மட்டுமே,
உங்கள் தம்பியான
சாமுவேல்